பூந்திக்கு வந்த அம்மை

ஒயர் கூடைக்குள் பூந்தி கத்தவில்லை. கத்தித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது உலகம்மாளுக்கு. போன வருஷம் குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்ய இதே கூடையில் இதே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது அது வழியெல்லாம் போட்ட கூப்பாட்டில், ஷேர் ஆட்டோக்காரன் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பது போலக் கண்ணாடியில் இவளையே பார்த்துக்கொண்டு வந்தான். இன்றைக்குப் போர்த்திய துண்டு போர்த்தியபடி இருக்கிறது. உள்ளே கையை விட்டால் சூடு இருக்கிறது, வயிறு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். கையை வெளியே எடுத்தால் விரலெல்லாம் மஞ்சள். அதைச் சேலைத் தலைப்பில் துடைக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். அம்மை கண்ட வீட்டு மஞ்சள், துடைக்கலாமா கூடாதா தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் செண்பகத்தக்கா இருந்தால் கேட்கலாம், அவளிடம் எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. வீட்டில் ஆத்தா இறங்கியிருக்கும்போது தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, கவிச்சி உள்ளே வரக் கூடாது, வீட்டுப் பொம்பளை வாசல் தாண்டக் கூடாது. அத்தனை கூடாதுகளையும் இந்த வளவில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். கடைசிக் கூடாதை மீறித்தான் உலகம்மாள் இந்தச் சிமென்ட் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். செண்பகத்தக்காவும் மோசமில்லை. நடைக்கு வெளியே ஸ்டூலைப் போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆனால் பூனைக்காக அம்மை வீட்டைவிட்டுப் புறப்பட்ட பொம்பளையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றும் சொன்னாள். சொல்லட்டும். வர்ஷினி அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் உலகம்மாள் புறப்பட்டிருக்கவும் மாட்டாள்.

காலையில் கேட்டாள். பாயில் பரப்பின வேப்பிலை மேலே ஒருக்களித்துப் படுத்து, முகமெல்லாம் முத்து, இமை மேலேகூட ஒரு முத்து, அதனால் ஒரு கண் பாதிதான் திறந்திருந்தது. பூந்தி ரெண்டு மூணு நாளாகவே பாயை விட்டுத் தள்ளிப் போய் அலமாரிக்கடியில் சுருண்டு கிடந்தது. அதுவே முதலில் சரியில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளிலிருந்து காலடியை விட்டு நகராத பூனை. வேப்பிலை குத்தினால் குத்தட்டும் என்று அதன் மேலேயே படுத்துக் கிடந்த பூனை. பிறகு காது மடலோரம் பொரிப் பொரியாகக் கண்டது. பிறகு தயிர்ச் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. செண்பகத்தக்கா நடையில் நின்றபடியே எட்டிப் பார்த்து, ஆத்தா ஆளைப் பார்த்து வர மாட்டாள், உயிரைப் பார்த்துத்தான் வருவாள், உன் பூனைக்கும் போட்டுவிட்டாள் என்றாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவச் சொன்னாள். உலகம்மாளும் அரைத்தாள். அம்மியில் வழித்து, வெள்ளைப் பூனையை மடியில் அமுக்கிப் பிடித்து, தலையிலிருந்து வால் வரைக்கும் அப்பினாள். அங்கங்கே மஞ்சள் புள்ளி இருக்கிறதென்றுதான் அதற்குப் பூந்தி என்று பேர் வைத்தது. இப்போது புள்ளி எது பூச்சு எது என்று தெரியவில்லை. அது நக்கிக்கொண்டே இருந்தது, பிறகு வாந்தி எடுத்தது, பிறகு நக்கவும் இல்லை. வர்ஷினி எல்லாவற்றையும் அந்தப் பாதிக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள் போல. காலையில் கேட்டாள். "யம்மா, எங்கிட்ட இருந்துதான் பூந்திக்குப் போச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். உலகம்மாளுக்கு வாய் வரவில்லை. அடுப்படிக்குப் போனாள், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள். தண்ணீர் விரலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தெரிந்துவிட்டது, தன் அம்மா செய்ததையே தானும் செய்கிறோம் என்று. அம்மாவும் இப்படித்தான் போனாள். கேட்டதும் எழுந்து போனாள், எதையோ எடுத்தாள், எதையோ வைத்தாள். கேட்ட பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது. அப்புறம் வளர்ந்தது, கல்யாணம் கட்டியது, அப்போதும் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

தம்பி சின்னராசுக்கு அப்போது பேச்சு முழுசாக வரவில்லை. உலகம்மாளை "ஓவு" என்பான். ஊரெல்லாம் மணல்வாரி அம்மை போட்டிருந்த சமயம், பள்ளிக்கூடத்திலிருந்து இவளும் வாங்கிக்கொண்டு வந்தாள். இவளுக்கு வந்தது, காய்ந்தது, இறங்கியது. இறங்குகிற நேரத்தில் அவனுக்கு ஏறியது. ஏறினது இறங்கவில்லை. மார்பு கரகரவென்று இழுத்தது, ஆத்தா இருக்கும்போது ஊசி போடக் கூடாது என்று நாலு பேர் சொன்னார்கள், அப்புறம் ஒரு விடியலில் வளவே கூடி நின்றது. அன்றைக்கு அத்தை ஒருத்தி அழுகையோடு அழுகையாகச் சொன்னாள், "மூத்தவ வாங்கியாந்தா, இளையவன் கொண்டுகிட்டுப் போயிட்டான்" என்று. வைது சொல்லவில்லை, ஒப்பாரியில் வந்து விழுந்த வரி. அத்தைக்கு மறுநாளே மறந்திருக்கும். உலகம்மாளுக்கு மறக்கவில்லை. வாங்கியாந்தா. கடையில் சாமான் வாங்கி வருகிற மாதிரி, பையில் போட்டுக்கொண்டு வருகிற மாதிரி. சின்னராசு எப்படி இவள் பாய்க்கு வந்தான் என்பதில்தான் ஒவ்வொரு தடவையும் மனசு இடறி நின்றது. தள்ளிப் படுக்க வைத்திருந்தார்கள், அவனாகத் தவழ்ந்து வந்தான் என்று சில நாள் தோன்றும். இல்லை, நான்தான் கூப்பிட்டேன், தனியாகக் கிடக்கப் பயந்து சின்னராசு வா என்று போர்வையைத் தூக்கிக் காட்டினேன் என்று சில நாள் தோன்றும். போர்வைக்குள் அவன் தலை எண்ணெய் வாடையோடு தாடைக்குக் கீழே வந்து முட்டியது மட்டும் நிஜம். அதற்கு முன்னால் நடந்தது மட்டும் தெரியவே இல்லை. காரியம் முடிந்த பிறகு அம்மாவிடம் கேட்டாள். எங்கிட்ட இருந்துதான் தம்பிக்குப் போச்சா? அம்மா எழுந்து போனாள்.

"வீட்ல அம்மையா தாயி?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. கிடாய்க்குட்டியைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர், இவள் இடுப்பில் செருகியிருந்த வேப்பங்கொத்தைப் பார்த்துவிட்டார். ஆமாம் என்று தலையசைத்தாள். அவர் ஆட்டை மெதுவாக இழுத்துக்கொண்டு பெஞ்சின் மறு கோடிக்கு நகர்ந்தார். நகர்ந்த பிறகு மனசு கேட்கவில்லை போல. தப்பாக நினைக்க வேண்டாம், நேர்ச்சைக்கு விட்ட கிடாய், ஆத்தா கோயிலுக்கே விட்டதுதான், ஆனாலும் ஆட்டுக்கு ஒட்டிவிட்டால் கோயில் கொடை நின்றுபோகுமே என்று மெனக்கெட்டு விளக்கினார். ஆத்தாளுக்கு விட்ட கிடாய்க்கு ஆத்தாளே வந்துவிடுவாளோ என்று ஒரு மனுஷன் பயப்படுகிறான். வேறொரு நாளாக இருந்தால் உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இன்று அவர் நகர்ந்த இடம்தான் கண்ணில் நின்றது. அவர் உட்கார்ந்திருந்த சிமென்டில் ஈரமாக ஒரு அச்சு இருந்தது, அது காய்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது.

நகர்வது அவளுக்குப் புதுசில்லை. அவள்தான் ஆயுசெல்லாம் நகர்ந்துகொண்டே வந்தவள். யார் வீட்டில் பச்சைப்பிள்ளை இருந்தாலும் கையில் வாங்க மாட்டாள், தடுமன் இருக்கிறது என்பாள், இல்லாத தடுமன். வர்ஷினி பிறந்து சில மாதம் முந்தானையை வாயில் கட்டிக்கொண்டுதான் பால் கொடுத்தாள், மாமியார் இதென்ன கூத்து என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். பிள்ளை கடித்த மிட்டாயை அம்மாவுக்கு என்று நீட்டினால் வாங்கி மடித்து வைத்துக்கொள்வாள், வாயில் போட மாட்டாள். புருஷன் தங்கசாமிக்கு இதெல்லாம் தெரியாது. உப்பு லாரி ஓட்டுகிற மனுஷன், மாதத்தில் பாதி நாள் ஆந்திராவில். நேற்று போனில் சொன்னபோது, பூனைதானே உலகு, போனால் வேறே ஒன்று தூக்கிவந்து தருகிறேன், பிள்ளையைப் பார் என்றார். பிள்ளையைத்தான் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்லி விளங்கவைப்பது. அம்மை இறங்கிவிடும். வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினால் முத்தெல்லாம் கருகி உதிரும், ரெண்டு தழும்பு நிற்கும், அதுவும் கல்யாணத்துக்குள் மங்கும். ஆனால் இந்தக் கூடை வெறுங்கூடையாகத் திரும்பிப் போனால் வர்ஷினி எதை வாங்கி வைத்துக்கொள்வாள் என்று உலகம்மாளுக்குத் தெரியும். அது மங்காது. அந்தப் பிள்ளையும் வருகிறவர்களிடமெல்லாம் நகர்ந்து நகர்ந்து உட்காரும். தாயே, பூனையைக் கொடு என்று வேண்டவா, அம்மையை எடு என்று வேண்டவா, ஒரே நேரத்தில் ரெண்டு கேட்டால் கோபித்துக்கொள்வாளோ. எதுவும் கேட்காமல் கூடையின் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கூடைக்குள் மூச்சு ஓடியது. ஒரு கணம் நின்றது போல இருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். ஓடியது.

கூப்பிட்டார்கள். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, முகத்தில் தூக்கக் கலக்கம், யாரோ எங்கேயோ மாட்டுப் பிரசவத்துக்கு அழைத்துப் போயிருந்திருக்க வேண்டும். துண்டை விலக்கியதும் புருவத்தைச் சுருக்கினாள், ஆனால் திட்டவில்லை. உலகம்மாள் முந்திக்கொண்டு, வீட்டில் பிள்ளைக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது, அதனிடமிருந்துதான் இதற்கு வந்ததா என்று கேட்டாள். பூனைக்கு என்ன செய்கிறது என்று சொல்வதற்கு முன்னால் அதைத்தான் கேட்டாள். டாக்டரம்மா காது மடலைத் திருப்பிப் பார்த்து, இது தெள்ளுப்பூச்சி கடித்த புண் என்றாள். அது வேறே, அம்மை இல்லையா என்று உலகம்மாள் மறுபடி கேட்டாள். டாக்டரம்மா பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் காதின் உட்புறத்தைத் துடைத்தாள், பஞ்சு மஞ்சளாக வந்தது. இன்னொரு பஞ்சு எடுத்துத் துடைத்தாள், அதுவும் மஞ்சள். மூன்றாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. காது மட்டும் மஞ்சளாகவே இருந்தது. உதட்டைத் தூக்கிப் பல் ஈறைக் காட்டினாள், பூசாத இடம், அங்கேயும் மஞ்சள். கண்ணிலும் மஞ்சள். நீங்கள் பூசின மஞ்சளுக்கு அடியில் காமாலை இருந்திருக்கிறது, அதனால்தான் கண்ணுக்குப் படவில்லை என்றாள். என்ன சாப்பாடு போட்டீர்கள் என்று கேட்டாள். வழக்கமாகச் சாளை மீன்தான், இப்போது வீட்டில் அம்மை, கவிச்சி ஆகாது, தயிர்ச்சோறு வைத்தேன், தொடவில்லை என்று உலகம்மாள் சொல்லச் சொல்லவே அவளுக்கே ஏதோ இடிந்து விழுகிற சத்தம் கேட்டது. நன்றாகத் தின்று கொழுத்த பூனை இப்படி நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் அதன் ஈரல் கெட்டுவிடும், போதாததற்கு வேப்பிலையை வேறு நக்கியிருக்கிறது, அதுவும் ஆகாது என்றாள் டாக்டரம்மா. தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்ற ஊசியை எடுத்தாள்.

உலகம்மாள் மூன்றாம் தடவையாகக் கேட்டாள். அப்படியென்றால் பிள்ளையிடமிருந்து இல்லையே. டாக்டரம்மாவின் கை நின்றது. இந்தப் பொம்பளை பூனைக்காக மட்டும் வரவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டிருக்க வேண்டும், நிமிர்ந்து முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "பிள்ளைங்களுக்கு வர்ற அம்மை பூனைக்கு ஒட்டாதும்மா. உங்க பிள்ளை இதைக் கட்டிப் பிடிச்சுத் தூங்கியிருந்தாலும் ஒட்டியிருக்காது." உலகம்மாளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது, இறங்கின சுவடு மாறுவதற்குள் இன்னொன்று ஏறியது. மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா பேச்சுவாக்கில், இதை யார் பூசினது என்று கேட்டாள். நான்தான் என்றாள் உலகம்மாள். இன்று ஒரு வாயாவது எதையாவது தின்றால் பிழைக்க வழி உண்டு, தானாகத் தின்னாவிட்டால் மீனை வேகவைத்து மசித்துக் கரைத்து ஊட்டுங்கள், நாளைக்கும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கிடாயைக் கூப்பிட்டாள்.

நான்தான். அந்தச் சொல்லோடு வெளியே வந்து, பூந்தியைக் கூடைக்குள் சரியாகக் கிடத்தி, துண்டை நாலு பக்கமும் ஒதுக்கிச் செருகினாள். செருகுகிற கையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். இந்தக் கையை எங்கேயோ பார்த்திருக்கிறாள். இப்படிப் போர்வையை நாலு பக்கமும் ஒதுக்கிச் செருகின கை, மணிக்கட்டு வரை உப்புப் பொரிந்து வெளுத்த கை. அம்மா. உப்பளத்துக்குப் போகிற இருட்டு, வாசலில் வேலைக்குப் போகிற பொம்பளைகள் கூப்பிடுகிற சத்தம், அப்பா இல்லாத வீடு, அம்மா தூங்குகிற சின்னராசைத் தூக்கி வந்து இவள் பக்கத்தில் கிடத்தி, தம்பி அழுதால் தட்டிக்கொடு என்று காதில் சொல்லி, ரெண்டு பேரையும் ஒரே போர்வைக்குள் ஒதுக்கிச் செருகிவிட்டுப் போகிறாள். அவன் தவழ்ந்து வரவில்லை. இவள் கூப்பிடவும் இல்லை. நிஜமாக நடந்ததா, இப்போது மனசு தனக்கு வசதியாகக் கட்டிக்கொள்கிறதா. உப்பு வாடை கட்டிக்கொண்டது இல்லை, அது மூக்கில் இருக்கிறது. நடந்துதான் இருக்க வேண்டும், வீட்டில் வேறே ஆள் யார், வேறே போர்வைதான் ஏது. அப்படியானால் எங்கிட்ட இருந்துதான் போச்சா என்று கேட்ட பிள்ளையிடமிருந்து அம்மா எழுந்து போனது, ஆமாம் என்று சொல்லப் பயந்து இல்லை. உன்னிடமிருந்து இல்லை, என்னிடமிருந்து என்று சொல்ல வேண்டியிருந்தது, அதைச் சொல்ல முடியாமல் எழுந்து போனாள். செத்துப்போகிற வரைக்கும் எழுந்து எழுந்து போய்க்கொண்டே இருந்தாள். அவளை வாயில்லாதவள் என்றார்கள், கல்நெஞ்சுக்காரி என்றார்கள், மகளும் அப்படித்தான் நினைத்தாள். அம்மா, நீ வேலைக்குத்தானே போனாய் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. உலகம்மாளுக்கு அழுகை வந்தது, மாட்டாஸ்பத்திரி வாசலில் பூனைக்கூடையோடு நின்று அழுதாள். பார்த்தவர்கள் பூனை செத்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பஸ் நிறுத்தத்தில் சாளை விற்கிறவள் இடுப்பு வேப்பங்கொத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். அம்மை வீட்டுக்கா மீன் என்றாள். பூனைக்கு என்றாள் உலகம்மாள். அந்தப் பொம்பளை கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு என்ன நினைத்தாளோ, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கித் தாமரை இலையில் சுற்றிக் கொடுத்தாள். வழியெல்லாம் உலகம்மாள் மனசுக்குள் பேசிக்கொண்டே போனாள், தாயே, கோபம் வந்தால் என்மேல் காட்டு, மீனை உள்ளே கொண்டுவருகிறவள் நான்தான், பிள்ளையும் பூனையும் அறியாதது. நடையில் செண்பகத்தக்கா ஸ்டூலைவிட்டு எழுந்தாள், மூக்கு விடைத்தது. ஏ உலகு, அது என்ன வாடை என்றாள். பின்வாசலில் தனி அடுப்பு மூட்டி அவித்துக்கொள்கிறேன் அக்கா, சுவாமிக்குக் குத்தமென்றால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உலகம்மாள் சொன்னாள். இதுவரை அவள் செண்பகத்தக்காவிடம் கேட்டுத்தான் பழக்கம், சொல்லிப் பழக்கமில்லை. செண்பகத்தக்கா வழிவிட்டு நின்றாள்.

வர்ஷினி விழித்துத்தான் இருந்தாள். பாதிக் கண் கூடையைப் பார்த்தது, பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தது. கேட்கவில்லை. கேட்டதற்குக் காலையிலேயே பதில் கிடைத்துவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை. உலகம்மாள் மீனை அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை, டம்ளரை எடுக்கவில்லை. பாய் ஓரமாக உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட இருந்து போகல. டாக்டரம்மாட்ட மூணு தடவ கேட்டுட்டேன். அம்மை பூனைக்கு ஒட்டவே ஒட்டாதாம்."

"பெறவு?"

"எங்கிட்ட இருந்துதான். மீன் போடாம விட்டது நான். வேப்பிலைய அரைச்சுப் பூசுனதும் நான்."

வர்ஷினி கஷ்டமான கணக்கைப் பார்ப்பது போல அம்மாவைப் பார்த்தாள். "வேணும்னேவா செஞ்ச?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை இந்த வீட்டிலோ அந்த வீட்டிலோ இதற்கு முன்னால் யாரும் யாரையும் கேட்டதில்லை. உப்புப் பொரிந்த கை ஒன்று உலகம்மாளோடு சேர்ந்து பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றாள்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு வர்ஷினி, வேப்பிலையைக் கையால் ஒதுக்கி, பாயில் பூந்திக்கு இடம் விட்டு நகர்ந்து படுத்தாள்.